வீடு வாங்குமுன் ரேடான் சோதனை: எந்த வீட்டுக்கு எந்த முறை?

மறுவிற்பனை வீடு பார்க்கச் செல்பவர்கள் குளியலறைக் கூரையில் நீர்க்கசிவு இருக்கிறதா, சமையலறைக் கூரையில் பூச்சு உதிர்ந்து கம்பி தெரிகிறதா, மாலை வெயில் எந்த அறையில் விழும், குத்தகையில் எத்தனை ஆண்டு மீதம் இருக்கிறது என்றெல்லாம் துருவித் துருவி விசாரிக்கிறார்கள். ரேடான் வாயுவைப் பற்றிச் சிங்கப்பூரில் அநேகமாக யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ பிள்ளைகள் வீடு வாங்கும்போது அதற்கென ஒரு சோதனை செய்ததைக் கேள்விப்பட்ட பிறகுதான், இங்கே வாங்கும் வீட்டுக்கும் அது தேவையோ என்ற ஐயம் வருகிறது. ஐயம் நியாயமானது. ஆனால் சோதனை வேண்டுமா வேண்டாமா என்று பொதுப்படையாகக் கேட்டால் பயனுள்ள பதில் கிடைக்காது. அளந்து வரும் எண்ணை வைத்து எந்த முடிவை எடுக்கப் போகிறோம், அந்த முடிவுக்கு எத்தனை நாள் அவகாசம் இருக்கிறது என்ற இரண்டையும் முதலில் தெளிவுபடுத்திக்கொண்டால், எந்த முறை பொருந்தும் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

ரேடான் நிறமும் மணமும் சுவையும் இல்லாத கதிரியக்க வாயு. மண்ணிலும் பாறையிலும் இயற்கையாகவே உள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகிறது. ரேடியம் சிதையும்போது ரேடான் பிறக்கிறது. அதன் அரை ஆயுட்காலம், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், ஏறத்தாழ 3.8 நாள். திறந்த வெளியில் காற்றோடு கலந்து நீர்த்துப்போகும் இந்த வாயு, மூடிய இடத்தில் தேங்குகிறது. மூச்சோடு உள்ளே செல்லும் வாயுவின் பெரும்பகுதி மூச்சோடு வெளியே வந்துவிடும். தீங்கு செய்பவை அதன் சிதைவில் உண்டாகும் பொலோனியம் போன்ற திடத் துகள்கள். அவை மூச்சுக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு ஆல்ஃபா கதிர்களை வெளிவிடுகின்றன. புற்றுநோய் ஆய்வுக்கான அனைத்துலக அமைப்பு 1988இல் ரேடானை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. நாட்டுக்கு நாடு வேறுபட்டாலும், நுரையீரல் புற்றுநோய்களில் 3 முதல் 14 விழுக்காடு வரை ரேடானால் வருபவை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஐரோப்பிய நாடுகளில் நடந்த 13 ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2005இல் வெளியான பகுப்பாய்வின்படி, நீண்டகாலச் சராசரி கன மீட்டருக்கு 100 பெக்கெரல் (நொடிக்கு ஓர் அணு சிதைவது ஒரு பெக்கெரல்) கூடும்போதெல்லாம் நுரையீரல் புற்றுநோய் அபாயம் ஏறத்தாழ 16 விழுக்காடு கூடுகிறது. புகைப்பவர் இருக்கும் குடும்பத்தில் இதன் கனம் வேறு. ரேடானால் புகைப்பவருக்கு உள்ள அபாயம் புகைக்காதவருக்கு உள்ளதைப்போல 25 மடங்கு என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அத்தகைய வீட்டில் எந்தக் கருவியையும்விட முதலில் புகைப்பழக்கத்தை நிறுத்துவதே பெரிய காப்பு.

ஒப்பிடுவதற்கு வேண்டிய அளவுகோல்களையும் சொல்லிவிடுகிறேன். உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் கன மீட்டருக்கு 100 பெக்கெரல் என்பதை ஒப்பீட்டு அளவாகப் பரிந்துரைத்தது; அது இயலாத நாடுகளும் 300ஐத் தாண்டக்கூடாது என்றது. அமெரிக்கா லிட்டருக்கு 4 பிக்கோகியூரி (அங்கே வழங்கும் அலகு), அதாவது கன மீட்டருக்கு 148 பெக்கெரல் அளவில் நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது. பிரிட்டனில் நடவடிக்கை அளவு 200, இலக்கு 100. வீட்டுக்குள் உலகச் சராசரி 40 பெக்கெரலை ஒட்டி இருக்கிறது. இந்த எண்கள் எல்லாமே நீண்டகாலச் சராசரியைக் குறிப்பவை. ஒரு நாள் கருவியில் தெரிந்த உச்ச அளவை இவற்றோடு நேரடியாக ஒப்பிடுவது தவறு. பலர் அஞ்சுவதும் பலர் அலட்சியமாக இருந்துவிடுவதும் அந்தத் தவறான ஒப்பீட்டினால்தான்.

குளிர்நாடுகளில் ரேடான் பெரிய சிக்கலாவதற்குக் காரணம் பாறை மட்டுமல்ல. குளிர்காலத்தில் சூடேற்றிய வீட்டுக்குள் வெப்பக் காற்று மேலெழும்போது கீழ்த்தளத்தில் அழுத்தம் சற்றுக் குறைகிறது. தரையின் வெடிப்புகள், குழாய் நுழையும் துளைகள் வழியாக மண்ணிலுள்ள வாயு உள்ளே இழுக்கப்படுகிறது. ஜன்னல்களும் மாதக்கணக்கில் மூடியிருக்கின்றன. சிங்கப்பூரில் வீட்டைச் சூடேற்றுவது இல்லை. ஆண்டு முழுவதும் ஜன்னலைத் திறந்து வைக்கலாம். அதைவிட முக்கியமானது கட்டட அமைப்பு. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) பெரும்பாலான புளோக்குகளில் கீழ்த்தளம் நான்கு பக்கமும் திறந்த வெற்றுத்தளமாக இருப்பதால், மண்ணுக்கும் முதல் குடியிருப்புத் தளத்துக்கும் இடையே காற்று தடையின்றி ஓடுகிறது. மண்ணிலிருந்து எழும் வாயு பத்தாவது மாடிக்கு வந்து தேங்க வழியில்லை. அங்கே ரேடான் இருந்தால் அது கான்கிரீட், கல், ஓடு ஆகியவற்றிலிருந்து மெல்லக் கசிவதாக இருக்கும். அந்த ஊற்று பொதுவாகச் சிறியது.

இந்த நற்செய்திக்கு ஒரு நிபந்தனை உண்டு. இங்குள்ள வீடுகளில் பொருத்தப்படும் பிரிப்பு வகைக் குளிர்சாதனக் கருவி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. கதவையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு இரவு எட்டு மணிநேரம் உறங்கும் அறை, காற்றோட்டத்தைப் பொறுத்தவரை குளிர்நாட்டு அறைக்கு நெருங்கிவிடுகிறது. ஆகவே "வெப்பமண்டல வீடு, காற்று வந்து போகும்" என்ற பொதுக்கூற்றை நம் படுக்கையறைக்கு அப்படியே பொருத்த முடியாது.

அளக்கும் முறைகளில் முதலாவது, கரித்தூள் குப்பி. திறந்து வைத்தால் இரண்டு முதல் ஏழு நாள்வரை ரேடானை ஈர்த்துக்கொள்ளும். மூடி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். விலை குறைவு என்பதால் அமெரிக்காவில் மிகப் பரவலானது. சிங்கப்பூருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். கரித்தூள் ஈரப்பதத்தையும் ஈர்க்கிறது. ரேடான் ஒட்ட வேண்டிய இடத்தை நீராவி பிடித்துக்கொள்கிறது. நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் அது சிறு குறையாக இருக்காது. அடுத்தது அஞ்சல். குப்பியில் சிக்கிய ரேடானும் 3.8 நாளுக்கு ஒருமுறை பாதியாகிறது. வெளிநாட்டு ஆய்வகத்துக்குப் போய்ச் சேர ஒரு வாரம் ஆனால் ஏறத்தாழக் கால்பங்குதான் எஞ்சியிருக்கும். ஆய்வகம் கணக்கிட்டு ஈடுகட்டும் என்றாலும், எஞ்சியது குறையக் குறைய முடிவின் உறுதியும் குறைகிறது.

இரண்டாவது, ஆல்ஃபா தடக் கருவி. சிறு பிளாஸ்டிக் பெட்டிக்குள் உள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டில் ஆல்ஃபா கதிர் பட்ட இடங்களில் நுண்ணிய தடம் பதிகிறது. ஆய்வகத்தில் அதைக் காரக்கரைசலில் ஊறவைத்துத் தடங்களை எண்ணுகிறார்கள். மின்சாரம் வேண்டாம், ஓசை இல்லை, பதிந்த தடம் அஞ்சலில் அழிவதில்லை, ஈரப்பதமும் பெரிதாகப் பாதிப்பதில்லை. வேண்டியது பொறுமை மட்டுமே. மூன்று மாதமாவது வைக்க வேண்டும். ஜன்னல் திறந்த நாள், அடைத்த நாள், பருவமழைக் காலம், குளிர்சாதனம் ஓடிய இரவு எல்லாம் அதில் சேர்ந்துவிடுவதால், நாம் உண்மையில் மூச்சிழுக்கும் காற்றின் சராசரியை இதுதான் நேர்மையாகக் காட்டுகிறது.

மூன்றாவது, தொழில்முறைச் சோதனையாளர் கொண்டுவரும் தொடர் அளவிக் கருவி. மணிக்கு ஒருமுறை பதிவு செய்வதால் 48 மணி நேரத்தில் ஒரு முடிவைத் தரும். விற்பவர் இடையில் ஜன்னலைத் திறந்துவிட்டிருந்தால் அளவு திடீரென விழுவதும் பதிவில் தெரியும். வீடு வாங்கும் பேச்சுவார்த்தைக்கு ஏற்றது இதுவே. ஆனால் அதற்கு வீட்டை 12 மணிநேரம் முன்னதாகவே அடைத்து, சோதனை முடியும்வரை அடைத்தே வைத்திருக்க வேண்டும்; ஆட்கள் வந்துபோக மட்டும் கதவைத் திறக்கலாம். குடும்பத்தோடு குடியிருப்பவரிடம் இந்த வெயிலில் இரண்டரை நாள் ஜன்னலைத் திறக்காதீர்கள் என்று கேட்பது எளிதன்று. காலியாக இருக்கும் வீட்டுக்கு அந்தத் தடை இல்லை. நான்காவதாக, வீட்டு உபயோகத்துக்கு விற்கும் சிறு மின்னணுக் கருவிகள் உள்ளன. அவை காட்டும் முதல் நாள் எண்ணை நம்பக்கூடாது. சில வாரங்கள் ஓடவிட்டுச் சராசரியைப் பார்த்தால் ஓரளவு பயன் உண்டு. விற்பவரோடு விலை பேச அந்த எண் சான்றாகாது, நம் பழக்கத்தை மாற்றிக்கொள்ள உதவும்.

எந்த முறையானாலும் கருவியை வைக்கும் இடம் முடிவை மாற்றிவிடும். தரையிலிருந்து அரை மீட்டராவது உயரத்தில், ஜன்னலிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் தள்ளி, சுவரோடு ஒட்டாமல், சமையலறையும் குளியலறையும் அல்லாத அறையில் வைக்க வேண்டும். கான்கிரீட் சுவர் சூழ்ந்த நம் வீடுகளில் சுவரிலிருந்து தள்ளி வைப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. கட்டடப் பொருளில் உள்ள தோரியத்திலிருந்து தோரான் என்ற உறவுக்கார வாயுவும் வருகிறது. அதன் அரை ஆயுட்காலம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு என்பதால் சுவருக்கு மிக அருகில் மட்டுமே அது செறிந்திருக்கும். அங்கே வைத்த சில கருவிகள் அறையில் இல்லாத ஓர் உயர்ந்த எண்ணைக் காட்டக்கூடும்.

இப்போது கால அவகாசத்துக்கும் பணத்துக்கும் வருவோம். வீவக மறுவிற்பனையில் ஆப்ஷன் பத்திரம் (குறித்த நாள்வரை வீட்டை வாங்கும் உரிமையை ஒதுக்கித் தரும் பத்திரம்) பெற வாங்குபவர் கொடுக்கும் தொகை அதிகபட்சம் 1,000 வெள்ளி. முடிவெடுக்க 21 நாள் கிடைக்கிறது. தனியார் வீட்டில் வழக்கமாக விலையில் 1 விழுக்காடு கொடுத்து, பெரும்பாலும் 14 நாளுக்குள் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. 15 லட்சம் வெள்ளி கூட்டுரிமை (காண்டோமினியம்) வீட்டில் பின்வாங்கினால் 15,000 வெள்ளி போகும். 40 லட்சம் வெள்ளி தரைவீட்டில் 40,000 வெள்ளி. 21 நாளோ 14 நாளோ, மூன்று மாதச் சோதனைக்கு எதுவும் போதாது. ஆகவே வாங்குமுன் செய்யக்கூடியது 48 மணி நேரச் சோதனை மட்டுமே. அதன் எண் அளவுகோலுக்கு அருகில் வந்து நின்றால் அது எந்த முடிவுக்கும் உதவாது. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகவையே, குறுகியகாலச் சோதனை 4 பிக்கோகியூரியைச் சற்றே தாண்டியிருந்தால் ஆண்டுச் சராசரி அதற்குக் கீழே இருப்பதற்கு ஏறத்தாழப் பாதி வாய்ப்பு உண்டு என்கிறது.

எனவே மாடியில் உள்ள வீவக வீட்டுக்கும் கூட்டுரிமை வீட்டுக்கும் என் முடிவு இது: ரேடான் சோதனையை வாங்குவதற்கான நிபந்தனையாக்க வேண்டாம். அளவு உயர்ந்திருக்கும் வாய்ப்பு குறைவு. உயர்ந்திருந்தாலும் காற்றோட்டத்தால் பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது. அந்த ஒரு காரணத்துக்காக வேறெல்லா வகையிலும் பொருந்திய வீட்டை விடுவது அறிவுடைமை ஆகாது. குடிபோன பிறகு ஓர் ஆல்ஃபா தடக் கருவியை உறங்கும் அறையில் மூன்று மாதம் வைத்துப் பார்ப்பது போதும். பிள்ளைகள் அடைத்த அறையில் படிப்பதும் உறங்குவதுமாக இருந்தால், இரண்டாவது கருவியை அங்கே வைப்பது செலவுக்குத் தகுந்தது. 1990களின் பிற்பகுதிக்குப் பின் கட்டிய வீடுகளில் தடித்த கான்கிரீட் சுவரோடு வரும் பாதுகாப்பு அறையைப் பலர் பண்டசாலையாக வைத்திருக்கிறார்கள்; சிலர் அதில் மேசை போட்டு வேலை செய்கிறார்கள். பொருள் வைக்கும் அறையைப் பற்றிக் கவலை வேண்டாம். அங்கே தினமும் மணிக்கணக்கில் உட்காருபவர் கருவியை அந்த அறையிலும் வைக்க வேண்டும், கதவையும் திறந்து வைக்க வேண்டும்.

தரைவீட்டின் கணக்கு வேறு. தரை நேரடியாக மண்மேல் அமர்கிறது. சில வீடுகளில் நிலவறைத் தளமும் உண்டு. தீவின் நடுப்பகுதியிலும் வடக்கிலும் அடியில் இருப்பது புக்கிட் தீமா கருங்கற்பாறை. மேற்கே படிவுப்பாறை, கிழக்கே பழைய வண்டல். கருங்கல்லில் யுரேனியம் பொதுவாகச் சற்று அதிகம் என்பது உண்மை. ஆனால் நிலப்படத்தைப் பார்த்து ஒரு வீட்டைத் தேறியதென்றோ தவறியதென்றோ சொல்ல முடியாது. அடுத்தடுத்த இரண்டு வீடுகளே தரையின் வெடிப்பாலும் காற்றோட்டத்தாலும் பெரிதும் வேறுபடலாம். நிலவறைத் தளத்தைத் திரையரங்காகவோ பணிப்பெண் உறங்கும் அறையாகவோ பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் நான் வாங்குமுன்பே அளக்கச் சொல்வேன். அதுவும் ஆப்ஷனுக்குப் பணம் கட்டுமுன். விற்பவர் இணங்கினால் தொடர் அளவியை நிலவறையில் 48 மணி நேரம் வைக்கலாம். இணங்காவிட்டால் வழக்கறிஞரிடம் சொல்லி, சோதனை முடிவு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் கட்டிய தொகையைத் திருப்பித் தரும் வாசகத்தை ஆப்ஷனில் சேர்க்க முயலலாம். போட்டி மிகுந்த சந்தையில் விற்பவர் இரண்டையும் மறுக்கக்கூடும். அப்போதும் வாங்கலாம், சீரமைப்புக்கு ஒரு தொகையை ஒதுக்கிவைத்து, நிலவறையை உறங்கும் இடமாக்குவதை மட்டும் அளந்து முடியும்வரை தள்ளிப்போட வேண்டும். அந்த அறையில் உறங்கப்போகிறவர் பெரும்பாலும் இந்த முடிவில் பேச்சுரிமை இல்லாதவர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வெளிநாட்டில் பிள்ளைகளுக்கு வீடு வாங்க இங்கிருந்து பணம் அனுப்பும் பெற்றோருக்கு விடை இன்னும் தெளிவானது. அமெரிக்காவின் ரேடான் வரலாறே ஒரு வீட்டில் தொடங்கியது எனலாம். 1984 டிசம்பரில் பென்சில்வேனியாவின் லிமரிக் அணுமின் நிலையத்தில் வேலை செய்த ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியாளர், நிலையத்துக்குள் நுழையும்போதே எச்சரிக்கை மணியை ஒலிக்கச் செய்தார். கதிரியக்கம் ஒட்டியது வேலையிடத்தில் அல்ல, அவருடைய வீட்டில். அங்கே அளந்தபோது லிட்டருக்கு ஏறத்தாழ 2,700 பிக்கோகியூரி, அதாவது கன மீட்டருக்கு 1 லட்சம் பெக்கெரல் அளவு இருந்தது. அந்த வீடு இருந்த ரீடிங் பிராங் என்னும் பாறைத்தொடர் நம்மவர் பலர் குடியேறியுள்ள நியூ ஜெர்சி வழியாகவும் செல்கிறது. அங்கே வீடு வாங்கும்போது ஒப்பந்தத்தில் உள்ள பரிசோதனைக் காலத்துக்குள் தொழில்முறைத் தொடர் அளவிச் சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும். நியூ ஜெர்சி, பென்சில்வேனியா மாநிலங்களில் சோதனையாளர் மாநிலச் சான்றிதழ் பெற்றவராக இருக்க வேண்டும். அளவு கூடினால் வீட்டை விடத் தேவையில்லை. தரைக்கு அடியிலிருந்து குழாயும் விசிறியும் வைத்து வாயுவைக் கூரைக்கு மேலே வெளியேற்றும் அமைப்பை விற்பவரே பொருத்தித் தரவோ விலையில் கழித்துக்கொள்ளவோ கேட்கலாம். பொதுவாக ஓரிரண்டாயிரம் அமெரிக்க டாலருக்குள் முடியும். கோடையில் வாங்கினால் குறைந்த எண் வந்தாலும், குடிபோன முதல் குளிர்காலத்தில் மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

பிரிட்டனின் வழி எனக்கு இன்னும் பிடித்தது. கார்ன்வால், டெவன், டார்பிஷர் போன்ற பகுதிகளில் ரேடான் பாதிப்பு அதிகம். அவசரச் சோதனையை வைத்து வாதாடுவதற்குப் பதிலாக, ரேடான் வைப்பு என்ற பெயரில் விலையில் ஒரு பகுதியை வழக்கறிஞரிடம் நிறுத்திவைக்க இரு தரப்பும் ஒப்புக்கொள்கிறார்கள். வாங்கியவர் குடிபோய் வரவேற்பறையிலும் படுக்கையறையிலும் மூன்று மாதம் அளக்கிறார். 200 பெக்கெரலைத் தாண்டினால் சரிசெய்யும் செலவு அதிலிருந்து போகிறது, தாண்டாவிட்டால் பணம் விற்றவருக்குத் திரும்புகிறது. காலம் போதாத சிக்கலைப் பணத்தால் தீர்க்கும் இந்த முறையைச் சிங்கப்பூர்த் தரைவீட்டு விற்பனையிலும் இரு தரப்பு வழக்கறிஞர்களும் விரும்பினால் எழுதிக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே வீட்டுச் சராசரி 10 பெக்கெரலை ஒட்டியே இருக்கிறது.

அளந்தபின் எண் கூடியிருந்தால் செய்வதும் வீட்டைப் பொறுத்தது. மாடிவீட்டில் உறங்குமுன்னும் விழித்தபின்னும் ஜன்னலைத் திறப்பது, இரவில் கதவையோ ஜன்னலையோ சிறிது திறந்து வைப்பது, வெளிக்காற்றை உள்ளே தள்ளும் விசிறி ஒன்றைப் பொருத்துவது ஆகியவற்றைச் செய்து, அதே இடத்தில் அதே கால அளவுக்கு மறுபடி அளக்க வேண்டும். தரைவீட்டில் வெடிப்புகளை அடைப்பது துணை வேலைதான்; அது மட்டும் போதாது. அடியிலிருந்து வாயுவை உறிஞ்சி வெளியேற்றுவதே உறுதியான தீர்வு. தரைவீடு வாங்குபவர்களில் பலர் குடிபோகுமுன் தரையை உடைத்துப் புதிதாகப் போடுகிறார்கள். அப்படியானால் கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே அடியில் சரளைப் படுகையும் அதற்குள் துளையிட்ட குழாயும் வைத்து, குழாயின் ஒரு முனையை வெளியே கொண்டுவந்து மூடிவைக்கும்படி ஒப்பந்தக்காரரிடம் சொல்லிவிடலாம். பிறகு மூன்று மாதச் சோதனையில் எண் கூடினால் விசிறியை மட்டும் இணைத்தால் போதும். ஓடு பதித்த தரையை மீண்டும் உடைக்க வேண்டியிராது.